பாட்டினால் எழுந்த பல்கலைக்கழகம்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பாலுள்ள ரெனசி மாநிலத்தின் தலைநகர் நாஷ்வில் ஆகும். அந்நகரிலுள்ள பிஸ்க் பல்கலைக்கழகத்தில் யூபிலி மண்டபம் என்னும் பெயருடைய பெருங்கட்டடமொன்று உளது. 1876 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்ட இக்கட்டடமே, தென் மாநிலங்களிற் கறுப்பின மாணவரின் கல்விக்கென எழுந்த முதலாவது நிலையான கட்டடம் என்பர். இதனை எழுப்புதற்கு வேண்டிய பொருளின் பெரும்பகுதியை அப்பல்கலைக்கழக மாணவர் சிலர் ஊரூராகச் சென்று பாடித் தேடினர். அவர்கள் பாடிய பாடல்களுட் சிறந்து நின்றவை அவர்தம் பெற்றோரும் பாட்டன்மாரும் அடிமைத்தளையிற் கிடந்தபோது பாடியவை. அடிமைகள் விட்டுச் சென்ற ஒரே செல்வம் அவர் வழித்தோன்றல்களுக்குக் கல்விக்கூடமாயிற்று என்பது மிகையாகாது.

இவ்வரலாற்றில் இரு பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. ஓரினத்தாரின் இசைமரபைப் போற்றுதல் ஒன்று. அவ்வினத்தார் இசையைக் கற்றற்கு வழிசெய்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் வெவ்வேறாகக் கருதுவோர் பலர். பாடலைக் கேட்டுக் கைதட்டுதல் எளிது. பாடியவனின் பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிடுதல் அரிது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வரலாற்றை ஆராயுமிடத்து, முன்னையது நிகழ்ந்து பின்னையது நிகழாத காலம் நெடியதாயிருந்தமை புலனாகும். பிஸ்க் பல்கலைக்கழகத்தின் கதை இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்த சிறப்பினை உடையது.

முதற்கண் அப்பாடல்கள் தோன்றியவாற்றை நோக்குவாம். ஆபிரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து கப்பலேற்றப்பட்ட மக்கள் உடைமை யாதுமின்றியே அமெரிக்கக் கரையை அடைந்தனர். மொழியாலும் குலத்தாலும் வேறுபட்ட அவர்கள் ஒருவரையொருவர் அறியாத நிலையிற் பண்ணைகளுக்கு விற்கப்பட்டனர். தாளமும் பாடும் முறையும் மட்டுமே அவர் நெஞ்சில் எஞ்சி நின்றன. அவற்றையும் ஆண்டைகள் அஞ்சினர். 1739 ஆம் ஆண்டிலே தென் கரோலினாவில் ஸ்ரோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், 1740 இல் அக்குடியேற்றநாட்டார் சட்டமொன்று இயற்றினர். அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருத்தல் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டது. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்போர் தண்டப்பணம் இறுக்கவேண்டுமென்றும் அதே சட்டம் விதித்தது. இசைக்கருவியையும் எழுத்தையும் ஒரே சட்டத்தாற் பறித்தமை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஒருவர்க்கொருவர் செய்தி உணர்த்தக்கூடிய எதுவும் அடிமைகளிடம் இருத்தலாகாது என்பதே ஆண்டைகளின் கருத்தாகும்.

முரசு பறிபோகவே கையும் காலும் முரசாயின. கைதட்டியும் காலாலே தரையைத் தட்டியும் அவர்கள் தாளத்தைக் காத்தனர். ஒருவர் ஓரடியை எடுத்துப் பாட, ஏனையோர் அதற்கு விடையிறுப்பது போலச் சேர்ந்து பாடுதல் அவர்தம் முறையாகும். பசனைக் கூட்டங்களிலே முன்னவர் பாடப் பின்னவர் ஏற்றுப் பாடுதலைக் கேட்டோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். ஆயின், அவர் பாட்டில் முன்னவர் அடி முடியுமுன்னரே பின்னவர் குரல் எழுந்து, ஒன்றன்மேலொன்று படிதலுமுண்டு. மேலைநாட்டுச் சுரவரிசையில் மூன்றாவதும் ஏழாவதுமான சுரங்களைச் சற்றே தாழ்த்திப் பாடுதலும், ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லுதலும் அப்பாடல்களின் தனி இயல்புகள். பாடற்பொருளைக் கிறித்துவ வேதத்தினின்றும் எடுத்துக்கொண்டனர். எகிப்திலே அடிமைப்பட்டிருந்த இசுரவேலரை மோயீசன் மீட்ட வரலாறு அவர்க்குப் பழங்கதையாகத் தோன்றவில்லை; தம் கதையாகவே தோன்றிற்று. யோர்தான் ஆற்றைக் கடத்தல் என்னும் தொடர் மறுமையையும் குறித்தது. அடிமை முறை இல்லாத வடமாநிலங்களுக்குத் தப்பிச் செல்லுதலையும் குறிக்க இடந்தந்தது. ‘ஸ்பிரிச்சுவல்’ என வழங்கும் பத்திப்பாடல்கள் இவையே. இவற்றை இயற்றியோர் பெயர் தெரியாது.

1861 இல் தொடங்கிய உள்நாட்டுப்போர் 1865 இல் முடிவுற்றது. அவ்வாண்டு இறுதியில் அடிமைமுறை நாடு முழுவதிலும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1867 இல் வில்லியம் அலன், சார்ள்ஸ் வெயர், லூசி மக்கிம் கரிசன் என்னும் வெள்ளையர் மூவர் அடிமைகளின் பாடல்களைத் தொகுத்து முதன்முதல் நூலாக வெளியிட்டனர். அதில் 136 பாடல்கள் இடம்பெற்றன. அவர்தாமும், இப்பாடல்களின் வளைவுகளையும் நெளிவுகளையும் ஐந்து கோட்டு இசைக்குறியீட்டுள் அடக்குதல் இயலாதென முன்னுரையிற் குறித்துள்ளனர். இந்நூலைக் கண்டோர் சிலரே. பொதுமக்கள் அறிந்தவை வேறு. வெள்ளையர் தம் முகத்திற் கரிபூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் பழித்து ஆடிய மின்ஸ்ரெல் கூத்துக்களே நகரரங்குகளில் மலிந்திருந்தன. கறுப்பினத்தார் இசையென்றால் நகைப்புக்குரியதென்னும் எண்ணம் அக்கூத்துக்களால் வேரூன்றிற்று.

போர் முடிந்த மறுயாண்டு, 1866 சனவரி 9 ஆந் திகதி, நாஷ்வில்லிற் கைவிடப்பட்ட படைமருத்துவக் கொட்டில்களிலே பள்ளிக்கூடமொன்று தொடங்கிற்று. அமெரிக்க மிஷனரிச் சங்கத்தார் நிறுவிய அப்பள்ளி, விடுதலை பெற்ற அடிமைகளின் நலன்பேணிய அதிகாரியாகிய தளபதி கிளின்ரன் பிஸ்க் என்பவரின் பெயரைப் பெற்றது. ஏழு வயதுச் சிறுவர் முதல் எழுபது வயது முதியோர் வரை அதில் வந்து சேர்ந்தனர். பழைய அடிமைச் சந்தையிற் கிடந்த துருவேறிய கைவிலங்குகளைப் பழையிரும்பாக விற்று எழுத்துக்கூட்டும் புத்தகங்கள் வாங்கப்பட்டன என்பர். 1867 ஓகத்து மாதத்தில் அது பல்கலைக்கழகமாகப் பதிவு பெற்றது. ஆயினும் கொட்டில்கள் பழுதடைந்தன, கடன் பெருகிற்று, 1871 அளவில் அதனை மூடிவிடும் நிலை எய்திற்று.

அங்குப் பயின்ற மாணவர் இருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். பெஞ்சமின் ஹோம்ஸ் என்பவர் தென் கரோலினாவிலே அடிமையாகப் பிறந்தவர். தையற்காரரிடம் ஏவல் செய்த சிறுவனாகிய அவர், கடைப் பெயர்ப்பலகைகளிலும் வீட்டுக் கதவுகளிலும் இருந்த எழுத்துக்களை நோக்கியே வாசிக்கக் கற்றுக்கொண்டார். எலா ஷெப்பேர்ட் 1851 இல் நாஷ்வில்லில் அடிமையாகப் பிறந்தவர். தந்தையார் 350 டொலர் கொடுத்து அவரை மீட்டார். தாயாரை மீட்க ஆண்டையர் இடந்தரவில்லை. சின்சினாற்றி நகரில் வளர்ந்த எலா பியானோ கற்க விரும்பியபோது, வெள்ளை ஆசிரியை ஒருவர் நிபந்தனையுடன் இசைந்தார். யாரிடம் கற்கிறார் என்பதை வெளியிடலாகாது, பின்வாயிலால் வரவேண்டும், இரவு ஒன்பது மணிக்குப் பின், மேல்மாடியின் பின்னறையிலேயே பாடம் நடைபெறும். இவ்வாறு பன்னிரண்டு பாடங்கள் கற்றதாக எலா தம் வரலாற்றிற் குறிப்பிட்டுள்ளார். பிற்காலத்தில் அரசியாரின் முன்னிலையிற் பியானோ வாசித்த கைகள் பயிற்சி பெற்ற வகை இதுவே. அன்று கறுப்பினப் பெண்ணொருத்திக்கு இசைக்கல்வி எத்துணை அரிதாயிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பிஸ்க் பல்கலைக்கழகத்தின் பொருளாளரும் இசையாசிரியருமாக விளங்கியவர் ஜோர்ஜ் வைற் என்னும் வெள்ளையர். கொல்லர் ஒருவரின் மகனாகிய இவர் இசைப்பள்ளி எதிலும் முறையாகப் பயின்றவரல்லர். மாணவர் பாடுந் திறனை உணர்ந்த அவர், அவர்களைக் கொண்டு வடமாநிலங்களிற் கச்சேரி நடத்திப் பொருள் தேட எண்ணினார். 1871 ஒக்ரோபர் 6 ஆந் திகதி ஐந்து பெண்களும் நான்கு ஆண்களுமாக ஒன்பது மாணவர் புறப்பட்டனர். எலா ஷெப்பேர்ட் பியானோ வாசித்ததோடு பயிற்றுநராகவும் பணிபுரிந்தார்.

தொடக்கத்தில் அவர்கள் மேடையிற் பாடியவை பெரும்பாலும் ஐரோப்பியப் பாடல்களே. முன்னோர் பாடல்களைத் தம்முள் தனித்துப் பாடுவரேயன்றிப் பிறர் முன்னிலையிற் பாட விரும்பினாரல்லர். அவை அடிமைக் காலத்தை நினைவூட்டின. பெற்றோர் கண்ணீரோடு பாடிய புனிதப் பொருள்களாயிருந்தன. மின்ஸ்ரெல் கூத்துக்களைக் கண்டு நகைத்தோர் இவற்றையும் நகைப்பரோ என்னும் அச்சமும் இருந்தது. தம் மரபைத் தாமே மறைத்து வைக்குமாறு செய்தல் அடிமைமுறையின் கொடிய விளைவுகளுள் ஒன்றாகும்.

பயணம் துன்பத்தோடு தொடங்கிற்று. தொடக்கத்திற் பெற்ற ஐம்பது டொலருக்குங் குறைந்த தொகையை, அவ்வேளையிற் பெருந்தீயால் அழிந்த சிக்காகோ நகர மக்களுக்கு அவர்கள் வழங்கிவிட்டனர். விடுதிகள் பலவற்றில் இடம் மறுக்கப்பட்டது. ஒகாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலே தங்கியபோது, இஸ்ரவேலரின் அடிமைகள் விடுதலை பெறும் ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியை நினைந்து, வைற் அக்குழுவிற்கு ‘யூபிலிப் பாடகர்’ எனப் பெயரிட்டார். நவெம்பர் மாதத்தில் ஓபர்லின் என்னும் ஊரிற் கூடிய குருமார் பேரவையில் முன்னோர் பாடல்களைப் பாடியபொழுது அவையோர் உருகினர். திசெம்பரில் புரூக்ளினிலே பேர்பெற்ற போதகராகிய ஹென்றி உவாட் பீச்சரின் தேவாலயத்திற் பாடினர். அதன்பின் பொருள் வரத் தொடங்கிற்று. 1872 இல் வெள்ளை மாளிகையில் சனாதிபதி கிராண்ற் முன்னிலையிற் பாடினர். முதற் பயணத்தில் 20,000 டொலர் சேர்ந்தது. கடன் தீர்க்கப்பட்டதோடு புதிய கட்டடத்துக்கு நிலமும் வாங்கப்பட்டது.

1873 இற் பிரித்தானியா சென்று விக்ரோறியா மகாராணியார் முன்னிலையிலும் பாடினர். அப்பயணத்தில் ஏறத்தாழ 50,000 டொலர் கிடைத்தது. பின்னர் ஒல்லாந்து, யேர்மனி முதலிய நாடுகளுக்கும் சென்றனர். 1878 இற் குழு கலையும்வரை அவர்கள் ஈட்டிய தொகை மொத்தம் 150,000 டொலர் ஆகும். இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. ஓய்வில்லாத பயணத்தாற் பலர் நோயுற்றனர். பெயர்ப்பலகை நோக்கி எழுத்தறிந்த ஹோம்ஸ் 1875 இற் காசநோயால் மாண்டார். தாம் பாடி எழுப்பிய மண்டபம் திறக்கப்பட்டதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பிற்காலத்தில் பிரெடெரிக் லூடின் என்பவர் இப்பெயருடனே தனிக்குழுவொன்றை அமைத்து, 1884 முதல் 1890 வரை உலகைச் சுற்றி வந்தார். இந்தியாவுக்கும் வந்த அக்குழுவினர் ஆக்ராவிலுள்ள தாஜ்மகாலின் உள்ளே நின்று பாடினர். இளமையில் தம் ஊர்த் தேவாலயப் பாடற்குழுவில் நிறங்காரணமாக இடம் மறுக்கப்பட்டவர் லூடின் என்பது நினைவுகூரற்பாலது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பண்ணை வெளியிலே கைதட்டிப் பாடிய பாட்டும், கச்சேரி மண்டபத்தில் நால்வகைக் குரலாகப் பிரித்து, மெருகிட்டுப் பாடிய பாட்டும் ஒன்றாகுமா? ஆகாது என்பதே உண்மை. ஐரோப்பியச் செவிக்கு இயையுமாறு வைற் குரலை மென்மையாக்கினார். இசைக்குறியீட்டில் எழுதியோர் வளைந்த சுரங்களை நேராக்கினர். மரபு ஓரளவு இழப்புற்றதை மறுத்தல் இயலாது. எனினும், அன்று அப்பாடல்களுக்கு முன்னிருந்த வழிகள் இரண்டே. மறதியில் அழிதல் ஒன்று. நகைக்கூத்தர் கையிற் சிதைதல் மற்றொன்று. மாணவர் மூன்றாவது வழியொன்றைத் திறந்தனர். அன்றியும், அவ்விழப்பை ஈடுசெய்தற்கு வேண்டிய கல்வியும் அவர் பாட்டினாலேயே கிட்டிற்று.

அக்கல்வியின் பயனை அடுத்த தலைமுறையிற் காண்கின்றோம். பிஸ்க் பல்கலைக்கழகத்திற் பயின்று ஆங்கே ஆசிரியரான இளைய ஜோன் உவெஸ்லி உவேர்க், தம் சகோதரருடன் பாடல்களைத் தேடித் தொகுத்து 1901 இலும், ஆராய்ச்சி நூலாக 1915 இலும் வெளியிட்டார். அவர் தலைமையிற் பாடிய நால்வர் குழுவின் குரல் 1909 இல் இசைத்தட்டிற் பதிவாயிற்று. அவர் மகனும் அப்பணியைத் தொடர்ந்து 1940 இற் பெருந்தொகுப்பொன்றை வெளியிட்டார். 1888 இல் பிஸ்க் பட்டம்பெற்ற டுபொய்ஸ் என்னும் பேரறிஞர், 1903 இல் வெளியிட்ட நூலின் அதிகாரந்தோறும் முகப்பில் இப்பாடல்களின் இசைக்குறிப்பைப் பொறித்து, இறுதி அதிகாரத்தை அவற்றின் ஆராய்ச்சிக்கே ஒதுக்கினார். வெள்ளையர் மூவர் தொகுத்த செல்வத்தைக் கறுப்பினத்தாரே தொகுத்தும் ஆராய்ந்தும் உலகுக்கு உரைக்கும் நிலை இவ்வாறு எய்தியது. பாட்டுப் பள்ளியைக் காத்தது; பள்ளி பாட்டைக் காத்தது.

ஏனைய இசைக்கல்விக்கூடங்களின் நிலை யாது? நியூயோர்க்கிலே ஜெனெற் தேர்பர் அம்மையார் 1885 இல் நிறுவிய தேசிய இசைக்கழகம் கறுப்பின மாணவரையும் ஏற்றது. செக் நாட்டு இசைமேதையாகிய டுவோர்சாக் 1892 முதல் 1895 வரை அதன் பணிப்பாளராயிருந்தார். ஆங்குப் பயின்ற ஹரி பேர்லி, அடிமையாயிருந்து கண்ணிழந்த தம் பாட்டனாரிடம் கேட்ட பாடல்களை அவருக்குப் பாடிக்காட்டினார். அமெரிக்க இசை வளர்தற்கு இப்பாடல்களே அடித்தளமாதல் வேண்டுமென டுவோர்சாக் வெளிப்படையாக உரைத்தார். 1893 திசெம்பரில் அரங்கேறிய அவரது ‘புதிய உலகிலிருந்து’ என்னும் சிம்பொனியிலே அப்பாடல்களின் சாயலை அறிஞர் காண்பர். ஒரு மாணவனைச் சேர்த்துக்கொண்டமையால் ஆசிரியரும் கற்றனர், உலகும் பயன்பெற்றது.

இத்தகைய வாயில்கள் சிலவே. மரியன் அன்டர்சன் இளமையிற் பிலடெல்பியாவில் இசைப்பள்ளியொன்றை நாடியபோது நிறங்காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் பாடிய தேவாலயச் சபையார் பணந் திரட்டித் தனியாசிரியரிடம் கற்பித்தனர். 1939 இல் வாஷிங்ரனிலே பெருமண்டபமொன்று மறுக்கப்பட்டபொழுது, லிங்கன் நினைவகத்தின் முன்றிலில் 75,000 மக்கள் கேட்கப் பாடியவர் அவரே. புளோரன்ஸ் பிரைஸ் என்பவர் பொஸ்ரன் நகர இசைக்கல்லூரியிற் சேர்ந்தபோது, தாயின் ஆலோசனைப்படி, மெக்சிக்கோவைத் தம் ஊராகப் பதிந்தார். 1906 இற் பட்டம் பெற்ற அவருடைய சிம்பொனியை 1933 இல் சிக்காகோ இசைக்குழு அரங்கேற்றிற்று. பெரிய இசைக்குழுவொன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதன்முறை. ஆயினும் 1953 இல் அவர் மறைந்தபின் அவர் ஆக்கங்கள் மறக்கப்பட்டன. 2009 இல் இலினோய் மாநிலத்திற் பாழடைந்த வீடொன்றிலே அவருடைய கையெழுத்துப் படிகள் குவியலாகக் கண்டெடுக்கப்பட்டன. எலா பின்வாயிலாற் சென்றதும், பிரைஸ் பிறந்த ஊரை மறைத்ததும் ஒரே காரணம் பற்றியே.

நிறம்பற்றிப் பள்ளிகளைப் பிரித்தல் அரசியலமைப்புக்கு முரணென 1954 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் தடை நீங்கினும் வறுமையின் தடை நீங்கவில்லை. வயலின் முதலிய கருவிகளைப் பயிலுதற்கு இளமையிலேயே தொடங்கிப் பல்லாண்டு தனியாசிரியரை அடுத்தல் வேண்டும், கருவியும் விலைமிக்கது. பொதுப்பள்ளியில் இசைப்பாடம் இல்லையெனின், வறிய வீட்டுப் பிள்ளைக்கு வேறு வழியில்லை. நாட்டு மக்களில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கினர் கறுப்பினத்தவராகவும், 2014 இல் அமெரிக்க இசைக்குழுக்களில் அவர்தொகை நூற்றுக்கு இருவரினுங் குறைவாயிருந்தது. அவர் முன்னோர் வளர்த்த இசையினின்றே யாஸ் முதலிய பலவகை இசைகள் பிறந்து உலகெங்கும் ஒலிக்கும்போது இந்நிலை இருத்தல் சிந்திக்கற்பாலது. இக்குறை நீக்குதற்கு 1990களின் பிற்பகுதியில் டெற்றோயிற் நகரிலே தொடங்கிய ஸ்பிங்ஸ் என்னும் அமைப்பு, கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளைஞர்க்கு நரம்பிசைப் பயிற்சியும் போட்டியும் உதவிப்பணமும் வழங்கி வருகின்றது.

போற்றுதலும் குறைவின்றி நடைபெறுகின்றது. 1979 இல் யூன் மாதம் கறுப்பின இசை மாதமாகச் சனாதிபதி காட்டராற் கொண்டாடப்பெற்றது. யூபிலிப் பாடகர் குழுவுக்கு 2008 இல் தேசியக் கலைப்பதக்கமும், 2021 இல் கிராமி விருதும் கிடைத்தன. இவை தக்க சிறப்புக்களே. ஆயினும் பிஸ்க் பல்கலைக்கழகத்தார் தமக்கென வைத்துக்கொண்ட நினைவுநாள் இவற்றுள் எதுவுமன்று. ஆண்டுதோறும் ஒக்ரோபர் 6 ஆந் திகதியையே யூபிலி நாளாக அவர்கள் கொண்டாடுகின்றனர். அஃது ஒன்பது மாணவர் தமக்குப் பின்வரும் மாணவர்க்குக் கூரையொன்று தேடிப் புறப்பட்ட நாள். பாடற்குழுவின் இன்றைய பாடகரும் அப்பல்கலைக்கழக மாணவரே. முன்னோர் பாட்டைப் பாடுவோர் அப்பாட்டினால் எழுந்த கூடத்திலேயே பயின்று வெளியேற, அடுத்த ஆண்டு வேறு மாணவர் அவ்விடத்தை நிரப்புகின்றனர். இசைமரபொன்றைப் போற்ற விழைவோர் எவ்வினத்தாராயினும், எந்நாட்டாராயினும், அதனைக் கற்க வரும் வறிய பிள்ளைக்கு முன்வாயில் திறந்திருக்கின்றதா என்பதை முதலில் நோக்குதல் கடனாகும்.